தகிட தகிட தக: டிஜே மிக்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

பல நாட்டு நடன இசையைக் கோத்து, தாழ்ந்த சுருதி ஒலியான பேஸ் கனமாகக் கேட்கும் ஒரு மணி நேர மிக்ஸாக்கி, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பகிர்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறர் உருவாக்கிய பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுவிட்டு அதற்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது என்ன நியாயம்? இதில் டிஜே செய்வதுதான் என்ன? (கோவை வாசகர்)

ஓடவிடுவது மட்டும்தான் வேலை என்றால் நியாயமே இல்லை. அதைக் கல்யாண மண்டபத்து சவுண்ட் சர்வீஸ்காரரின் பென் டிரைவே செய்துவிடும். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் அந்த அரை நிமிடத்தை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். இரண்டு ட்ராக்குகளிலும் ஐம்பது ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், அலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிய உறுமலாகும், அல்லது ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அடிப்பகுதியே காணாமல் போகும். ஆகவே, உள்ளே வரும் பாட்டின் பேஸைக் கட்டுப்படுத்தும் 'லோ' குமிழை முழுவதும் இறக்கிவைத்து, அதன் ஹை-ஹாட் என்ற தாளத்தட்டின் ஒலியையும் குரலையும் மட்டும் மெல்ல நுழைத்து, ஹெட்போனில் தாளத்தைச் சரிபார்த்து, எட்டு அல்லது பதினாறு ஆவர்த்தம் பொறுத்திருந்து, புதிய சுற்றின் முதல் அடி விழும் அதே கணத்தில் ஒரு கை பழைய பேஸை இறக்க, மறு கை புதிய பேஸை ஏற்ற வேண்டும். அரை அடி தாமதித்தாலும் ஆடிக்கொண்டிருப்பவர்களின் கால்கள் ஒரு நொடி தடுமாறும்.

ஆனாலும் இது கைத்திறன்தான். எதற்குப் பின் எது என்று தீர்மானிப்பதே பெரிய வேலை. ஜமைக்காவில் இசைத்தட்டைத் தேர்ந்தெடுத்துப் போடுபவரை 'செலக்டர்' என்றே அழைக்கிறார்கள். அங்கே 'டீஜே' என்றால் அந்த இசையின்மேல் மைக்கில் பேசிப் பாடுபவர். வேலையைச் சரியாகச் சொல்வது 'செலக்டர்' என்ற அந்தப் பழைய பெயர்தான் என்பது என் எண்ணம்.

ஜமைக்கா, லண்டன், அங்கோலா, கொலம்பியா என்று நான்கு திசையிலிருந்தும் எடுத்து ஒரே மிக்ஸில் போடுகிறார்கள். இது வெறும் கதம்பம் இல்லையா? (திருச்சி வாசகி)

கதம்பமாகவே முடிந்துவிடும் மிக்ஸ்கள்தான் அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல மிக்ஸில் அந்த ஊர்களுக்கிடையே ஏற்கெனவே இருக்கும் வழித்தடம் காதுக்குப் புலப்படும்.

1950களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் இசைக்குழுவை அழைக்க வசதியில்லாதவர்களுக்காகப் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் திறந்தவெளியில் அடுக்கி இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டார்கள். அதுவே சவுண்ட் சிஸ்டம். 1970களின் தொடக்கத்தில், மின் சாதனங்களைப் பழுது பார்ப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த கிங் டப்பி, பதிவான பாட்டிலிருந்து குரலை உருவிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் மட்டும் மிச்சம் வைத்து, அவற்றின்மேல் எதிரொலியைத் தெளித்து 'டப்' என்ற வடிவத்தைச் செதுக்கினார். 1948இல் கரீபியக் குடியேறிகளை ஏற்றிக்கொண்டு விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த கரீபிய மக்கள் இந்தப் பெட்டிகளின் பழக்கத்தையும் கொண்டுபோனார்கள். அங்கே 1990களில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசை வகைகள் பிறந்தன. 2000களின் தொடக்கத்தில் தென் லண்டனின் குரோய்டன் பகுதியில் டப்ஸ்டெப் என்ற பேஸ் கனத்த இசை உருவானது. 2005இல் லண்டனின் பிரிக்ஸ்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தில் தொடங்கிய டிஎம்இசட் என்ற இரவு நிகழ்ச்சி, 'பேஸின் எடையில் தியானிக்க வாருங்கள்' என்றுதான் அழைப்பு விடுத்தது. டப்பில் குரலை உருவிய அதே கை இங்கே இன்னும் சிலவற்றை உருவியிருப்பது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரும் சொல்லாமலேயே விளங்கும்.

அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவின் குடுரோ என்ற நடன இசை லிஸ்பன் புறநகர்களுக்குப் போனது வேறொரு குடிபெயர்வின் கதை. அந்தப் புறநகர்களில் ஒன்றான புராக்காவின் பெயரையே வைத்துக்கொண்டு 2006இல் தொடங்கிய 'புராக்கா சோம் சிஸ்டேமா' குழு அதை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றியது.

எல்லாவற்றையும் கிங்ஸ்டனிலிருந்து இறக்கிக் காட்டும் ஆசையும் ஆபத்தானதுதான். மெக்சிகோவின் 'சோனிதேரோ'க்கள் தெருவில் ஸ்பீக்கர்களை அடுக்கி கும்பியா என்ற கொலம்பிய நடன இசையை ஒலிக்கவிட்ட மரபு அவர்களுடையதே. மான்டெரேயில் ஒரு விருந்தில், இசைத்தட்டுக் கருவியின் மோட்டார் சூடேறி வேகம் தளர, கும்பியா இழுத்து இழுத்து ஒலித்ததாகவும், கூட்டத்துக்கு அதுவே பிடித்துப்போய் அப்படியே போடச் சொன்னதாகவும் ஒரு கதை சொல்வார்கள். 'கும்பியா ரெபஹாடா' என்ற வேகம் குறைத்த கும்பியா அப்படித்தான் பிறந்ததாம். மோட்டார் பழுதானது உண்மையோ இல்லையோ, வேகம் குறைந்ததும் பேஸ் கீழிறங்கிக் கனத்தது உண்மை. டப் ரசிகர்கள் அந்தக் கும்பியாவைக் கேட்டதும் தலையாட்டுவதற்குக் காரணம் அந்தக் கனம்தான்.

கும்பியா நிமிடத்துக்கு நூறு அடியை ஒட்டி ஓடுகிறது. டப்ஸ்டெப் நூற்று நாற்பது. இடையில் வேகத்தை ஏற்றினால் குரல்கள் கீச்சிடுகின்றன. எப்படித்தான் தாண்டுகிறார்கள்? (யாழ்ப்பாண வாசகர்)

வேகத்தை ஏற்ற வேண்டியதில்லை, ஓர் அடியை எத்தனையாகப் பிரிக்கிறோம் என்ற நடையை மாற்றினால் போதும். தாளத்தை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காதுக்கு இது பாலபாடம்.

நூற்றைந்து வேகத்தில் ஓடும் ஒரு ரெகேட்டான் (கரீபிய ஸ்பானிய நடன இசை) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் 'தகதிமி' என்று நான்கு நான்காக, சதுஸ்ரமாகச் சொன்னால் நிமிடத்துக்கு 420 அட்சரம் வரும். அதே 420ஐ 'தகிட' என்று மூன்று மூன்றாகப் பிரித்தால் கிடைப்பது 140 துடிப்பு. டப்ஸ்டெப்பின் வேகம் அதுதான். இதைக் கற்பனையாகப் பிரித்துப் பார்க்கவும் தேவையில்லை. ரெகேட்டானின் ஸ்நேர் டிரம் அடிப்பதே மூன்று, மூன்று, இரண்டு என்ற கணக்கில்தான்: தகிட தகிட தக. அந்த முதல் இரண்டு 'தகிட'வில் 140 ஒளிந்திருக்கிறது. ஆகவே ரெகேட்டானின் கிக் என்ற பெரிய டிரம்மின் அடியை எடுத்துவிட்டு ஸ்நேரை மட்டும் சில ஆவர்த்தங்கள் சுழலவிட்டு, கேட்பவரின் காலை அந்த மூன்றுக்குப் பழக்கியபின் டப்ஸ்டெப்பைத் திறந்தால், வேகம் மாறியதாகவே தோன்றாது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது போல் மட்டும் இருக்கும். நூறில் ஓடும் கும்பியாவை ஐந்து சதவீதம் மட்டும் உயர்த்தினால் அதுவும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். ஐந்து சதவீதத்துக்குக் குரல் கீச்சிடாது.

டிரம் அண்ட் பேஸுக்கு இன்னும் எளிய வழி உண்டு. நிமிடத்துக்கு 174 அடி என்ற அதன் வேகத்தில் பாதி 87. மெதுவான ஹிப்ஹாப்பிலோ ரெகேயிலோ இருந்து நேரே போய்விடலாம்.

வேகத்தைக் குறைப்பதால் ஒரு புதிய இசையே பிறந்ததும் உண்டு. 2009இல் வாஷிங்டனில், உறவுக்காரப் பையன் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நடத்திய விருந்தில் இசை போடவேண்டி வந்தது டேவ் நாடா என்ற டிஜேவுக்கு. பிள்ளைகள் ரெகேட்டான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பையில் இருந்ததோ டச்சு ஹவுஸ் என்ற வேகமான நடன இசை. அந்த ட்ராக்கை 108 வரை இறக்கிப் போட்டார். கூட்டம் ஆடிய ஆட்டத்தில் 'மூம்பாட்டன்' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது. டான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரத்து சிங்கெலி என்ற அதிவேக இசையை மட்டும் இந்தக் கணக்கிலெல்லாம் அடக்க முயலாதீர்கள். இருநூறையும் தாண்டி ஓடும் அதற்குமுன் இரண்டு நொடி மௌனம் விடுவதே மரியாதை.

என் மிக்ஸ்களின் கீழ் 'இந்தப் பாட்டு எது?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தேடித் தேடிக் கண்டெடுத்தவற்றை எல்லாருக்கும் சொல்லிவிட்டால் என் தனித்தன்மை போய்விடாதா? (சென்னை வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

மறைப்பது உங்கள் கண்டுபிடிப்பல்ல. கிங்ஸ்டனில் சவுண்ட் சிஸ்டம் நடத்திய கோக்சன் டாட் அமெரிக்காவிலிருந்து வாங்கிவந்த இசைத்தட்டுகளின் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார். வில்லிஸ் ஜாக்சன் என்ற சாக்ஸபோன் கலைஞரின் ஒரு பதிவுக்குத் தன் பெயரையே சேர்த்து 'கோக்சன் ஹாப்' என்று சூட்டிப் பல காலம் அதைத் தன் சொத்தாகவே வைத்திருந்தார். போட்டியாளரான டியூக் ரீட் அதன் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துத் தானும் ஒலிக்கவிட்ட இரவு அந்த ஊரின் இசை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியாகவே பேசப்படுகிறது. லண்டனில் டப்ஸ்டெப் காலத்திலும், வெளியாகாத பாட்டை அசிடேட் தட்டில் வெட்டி டப்பிளேட்டாக வைத்துக்கொண்டார்கள். சில டஜன் முறை ஊசி ஓடினாலே தேய்ந்துபோகும் தட்டு அது. எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தால்தான் இந்தப் பாட்டைக் கேட்க முடியும் என்பது அங்கே பிழைப்பு. அந்த மறைப்பில் இன்னொன்றையும் கவனியுங்கள். டப்பிளேட்டைச் செய்தவர் பெரும்பாலும் அதே அறையில் இருந்தார், அல்லது வாசிப்பவருக்கு நண்பராக இருந்தார். மறைப்பதால் அவருக்கும் லாபம் இருந்தது.

உங்கள் மிக்ஸில் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் குவோம் என்ற நடன இசை செய்யும் இளைஞருக்கு அப்படி ஒரு லாபமும் இல்லை. அவருடைய இசை வாட்ஸ்அப் குழுக்களிலும் டாக்ஸிகளின் ஸ்பீக்கர்களிலும் பரவி உங்களை வந்தடைந்தது. இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்று யாரோ நினைத்திருந்தால் உங்களுக்கே அது கிடைத்திருக்காது.

பெயர் சொல்வதால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பிரையன் ஷிம்கோவிட்ஸ் என்ற அமெரிக்கர் 2002இல் கானாவின் கேப் கோஸ்ட் நகரில் ஒரு கேசட் வாங்கினார். 2006இல் ஆப்பிரிக்கக் கேசட்டுகளை இணையத்தில் பகிரத் தொடங்கியபோது அதையும் பகிர்ந்தார். பாடியவர் அட்டா காக். டொரொன்டோவில் வசித்தபோது தானே பதிவு செய்து 1994இல் வெளியிட்டு, யாரும் கவனிக்காததால் விட்டுவிட்டவர். பாட்டு ஊர் ஊராகப் பரவிய அத்தனை வருடமும் பாடியவர் யார், எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். தேடுவதற்கு அந்தக் கேசட் அட்டையில் ஒரு பெயராவது இருந்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்து, 2015இல் அவர் சம்மதத்தோடு முறையாக மறுவெளியீடு செய்தார்கள். அதன்பின் அவர் ஐரோப்பிய மேடைகளில் பாடினார். எத்தியோப்பியாவின் ஹைலு மெர்கியா வாஷிங்டனில் டாக்ஸி ஓட்டிக்கொண்டு, சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் பின்பெட்டியிலிருந்து கீபோர்டை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தவர். 2013 மறுவெளியீட்டுக்குப்பின் அவரும் மேடைக்குத் திரும்பினார். அந்த ஷிம்கோவிட்ஸே கூட, முதலில் அனுமதி கேட்காமல் பகிர்ந்தவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தத் தவறைச் சரிசெய்ய அவருக்குப் பெயர்கள் கையில் இருந்தன.

எனவே ட்ராக்லிஸ்ட் எழுதுங்கள். கலைஞர், பாட்டு, முடிந்தால் வெளியீட்டு நிறுவனம், ஊர், தொடங்கும் நிமிடம். வெளியாகாத பாட்டை உங்களை நம்பி ஒருவர் கொடுத்திருந்தால், அவர் சொன்னபடி தலைப்பை மட்டும் விட்டுவிடலாம்; ஆளை விடக்கூடாது. பெயர் தெரியாத பாட்டென்றால் 'தெரியவில்லை, அறிந்தவர் சொல்லுங்கள்' என்று எழுதுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. தனித்தன்மையைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் ஒரு வார்த்தை: அதே இருபது பாட்டை இன்னொருவர் கையில் கொடுத்து, உங்கள் வரிசையில் போடச் சொல்லிப் பாருங்கள்.

ஏற்றிய பத்தாவது நிமிடத்தில் என் மிக்ஸை ஒரு தளம் நீக்கிவிட்டது. 'லாப நோக்கமில்லை, உரிமை அந்தந்தக் கலைஞருக்கே' என்று எழுதியும் பயனில்லை. (பெங்களூரு வாசகர்)

மிக்ஸை நீக்கும் இயந்திரம் அந்த வாக்கியத்தைப் படிப்பதில்லை. படித்தாலும் அது அனுமதியாகிவிடாது. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: இயற்றியவரின் இசைக்கும் வரிகளுக்கும் ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. 2007இல் ஸ்டாக்ஹோமில் உருவாகிப் பின்பு பெர்லினுக்கு மாறிய சவுண்ட்கிளவுட், கலைஞர்கள் தங்கள் சொந்தப் படைப்பைப் பகிர்வதற்காக எழுந்த தளம். டிஜே மிக்ஸ்கள் அங்கே பின்னால் குடியேறியவை. லண்டனின் மிக்ஸ்கிளவுட் நீண்ட மிக்ஸ்களுக்கும் வானொலி நிகழ்ச்சிகளுக்கும் என்றே கட்டப்பட்டு, உரிமை பெற்று, பணமும் செலுத்துகிறது. அதற்குப் பதிலாகத்தான் ஒரே கலைஞரின் பாடல்களை அடுக்குவதற்கு அங்கே கட்டுப்பாடு இருக்கிறது. பல நாடு, பல கலைஞர் என்று போகும் உங்களைப் போன்றவர்களுக்கு அது இடைஞ்சலே அல்ல.

இயந்திரத்தை ஏமாற்றப் பாட்டின் சுருதியை அரைப் படி தூக்கி ஏற்றும் வித்தையை ஒருவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பேஸுக்காகவே கேட்கப்படும் இசையின் பேஸை நீங்களே சிதைத்துவிட்டு யாருக்காகப் பகிர்கிறீர்கள்?

வீட்டில் அதிரும் பேஸ், ஏற்றியபின் வெளியே கேட்டால் ஒன்றுமில்லாமல் போகிறது. சிலசமயம் இதற்கு நேர்மாறாகவும் ஆகிறது. கருவியில் கோளாறா? (சேலம் வாசகி)

அறையில் கோளாறு. என் முதல் மிக்ஸை ஏறத்தாழ பதினோரு அடி நீளமுள்ள அறையில், நட்ட நடுவில் மேசை போட்டுச் செய்தேன். ஐம்பது ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம். அதில் பாதி, அதாவது அந்த அறையின் நீளம், இரண்டு சுவர்களுக்கிடையே அப்படியே பொருந்தி நின்றுவிடும். அப்போது சுவரோரத்தில் அந்த ஒலி வீங்கும். நடுவில் இருப்பவர் காதுக்கு ஏறக்குறைய மறைந்தே போகும். நடுவில் உட்கார்ந்திருந்த நான் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போனேன். மறுநாள் நண்பரின் காரில் போட்டதும் பின்பக்க நம்பர் பிளேட் தகர டப்பாவைப் போல் கிடுகிடுத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அணைத்துவிட்டார்.

மேசையை நடுவிலிருந்து நகர்த்துங்கள். நன்றாக அறிந்த ஒரு பாட்டை முதலில் ஒலிக்கவிட்டு அதோடு ஒப்பிடுங்கள். ஹெட்போனில் ஒருமுறை, காரில் ஒருமுறை கேட்டபின் ஏற்றுங்கள். கைபேசியின் சிறு ஸ்பீக்கருக்கு ஐம்பது ஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. அதில் கேட்கவில்லை என்று எதையும் ஏற்றிவிடாதீர்கள். சிவப்பு விளக்கு எரியும்வரை சத்தத்தைத் தள்ளவும் வேண்டாம். தளம் உங்கள் கோப்பைத் தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஒலி அப்போது நொறுங்கும். ஒரு மணி நேரத்துக்குச் சுருக்காத வேவ் கோப்பு 600 எம்பியைத் தாண்டும், 320 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆக்கினால் 140ஐ ஒட்டி அடங்கும். தளம் ஏற்குமானால் பெரியதையே கொடுங்கள்.

பறை, உருமி இவற்றை இப்படிப்பட்ட மிக்ஸில் சேர்க்கலாமா? ஒட்டுமா? (டொரொன்டோ வாசகர்)

உருமியை நான் தாளக்கருவி என்பதைவிடப் பேஸ் கருவி என்றே சொல்வேன். வளைந்த குச்சியால் ஒரு பக்கத்துத் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த முனகல், ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதைக் கவனியுங்கள். டப்ஸ்டெப்பில் சின்தசைசரைக் கொண்டு செய்வதும் அந்த வழுக்கலைத்தான். லண்டனில் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகியான எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பில் உருமி முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள்.

சேர்க்கும்போது உருமியின் முனகலுக்கும், சப் பேஸ் என்ற ஆக அடியிலுள்ள பேஸுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்காதீர்கள். ஒன்று பேசும்போது மற்றது வாயை மூட வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ப் பதிவு என்பதால் ட்ராக்லிஸ்டில் 'தமிழ் ஃபோக்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் வழக்கத்தை நம்மவர்களிடமே அதிகம் பார்க்கிறேன். வாசித்த குழுவின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள்; வீடியோவை எடுத்தவருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

மூன்று மாதம் உழைத்துச் செய்த மிக்ஸை இருபத்து மூன்று பேர்தான் கேட்டிருக்கிறார்கள். (பாண்டிச்சேரி வாசகர்)

உங்கள் சுட்டியைத் திறந்தேன். முப்பத்தெட்டாவது நிமிடத்தில், கும்பியாவின் அக்கார்டியன் இழுப்பு அடங்கும் இடத்தில், அதே சுருதியில் டப் பாட்டு ஒன்றின் மெலோடிகாவை (வாயால் ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) தொடங்கவைத்திருக்கிறீர்கள். அதற்காகவே மூன்று முறை பின்னால் போய்க் கேட்டேன். அந்த மெலோடிகா வாசித்தவர் யார் என்று ட்ராக்லிஸ்டில் இல்லை. எழுதிச் சேர்த்தபின் சொல்லுங்கள், இருபத்து நான்காவது ஆளாக இன்னொருவரிடம் அனுப்பிவைக்கிறேன்.